வெள்ளத்தை ஒழித்தவன்

ஒரு வருஷம் முழுக்க எதுவும் நடக்காமல் பார்த்துக்கொண்டதுதான் ராதி செய்த முதல் தப்பு.

அலெக்சாந்திரியாவில், டிராம் பாதைக்குக் கீழே சரிந்து இறங்கும் ஒரு தெருவின் கடைசியில், மழைத்தண்ணீரை இறைத்துக் கடலில் தள்ளும் பம்பு நிலையம் ஒன்று இருந்தது. தகரக் கூரை, இரண்டு பம்பு, ஒரு ஸ்டூல், ஒரு டீக் கெட்டில். சோஹாக் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ராதி அங்கே மூன்று வருஷமாக ஆபரேட்டர். தெற்கிலிருந்து வந்தவனை இந்த ஊரார் ஸயீதி என்பார்கள். சொல்லும்போதே பாதிப் பேருக்குச் சிரிப்பு வந்துவிடும். ராதியும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவான். சிரிக்காவிட்டால், பார், ஸயீதிக்குக் கோபம் வந்துவிட்டது என்று இன்னும் சிரிப்பார்கள்.

அந்தத் தெருவில் ஒன்பது வீடுகள் தரைக்குக் கீழே இருந்தன. ஜன்னலைத் திறந்தால் போகிறவர்களின் செருப்புதான் தெரியும். அவற்றில் ஒன்றில், தையல்கார நாதியாவின் வீட்டில், சமையலறையை ஒட்டிய மூலை ஒன்றை ராதி வாடகைக்கு எடுத்திருந்தான். ஆக, பம்பு நின்றால் முதலில் நனையப்போவது அவனுடைய மெத்தை.

நவம்பர் நடுவில் துடைப்பம் வந்து போனது. இங்கே கடற்புயல்களுக்குப் பேரும் உண்டு, தேதியும் உண்டு. மீனவர்கள் வைத்த கணக்கு, அதிகம் பிசகாது. துடைப்பம் போன கையோடு இரண்டாம் நம்பர் பம்பு பல்வலிக்காரனைப் போல முனக ஆரம்பித்தது. ராதி ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை மோட்டாரிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கேட்டான். பேரிங் போய்க்கொண்டிருந்தது. அடுத்த புயல் காசிம், டிசம்பர் நாலு. பதினாறு நாள்தான் இருந்தது.

"இது காசிமைத் தாங்காது," என்றான், ஷிஃப்ட் மாற்ற வந்த ஷவ்கியிடம்.

"உனக்கென்ன ஸயீதி, நீ ஒட்டகத்து மேல ஏறி உட்கார்ந்துக்குவ. நாங்க எங்க போறது?" ஷவ்கி ஈரல் சாண்ட்விச்சை மென்றுகொண்டே சொன்னான். "எழுதிப் போடு. பேரிங்தானே கேக்குற, கப்பலா கேக்குற?"

எழுதிப் போட்டான். மூன்றாம் நாளே பதில் வந்தது. நிலையத்தை நடத்தும் வடிகால் வாரியத்திலிருந்து அவ்வளவு சீக்கிரம் எதுவும் வந்ததில்லை என்பதால் ஷவ்கி சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டான். 'சாதனைப் படிவம் முழுமை பெறாத நிலையத்துக்கு உதிரிபாகம் வழங்கப்பட மாட்டாது.' கூடவே ராதி முன்பே அனுப்பியிருந்த படிவமும் திரும்பியிருந்தது. 'சென்ற ஆண்டு தாங்கள் நிகழ்த்திய சாதனை' என்ற இடத்தில் அவன் எழுதியிருந்தது: 'பம்புக்கு கிரீஸ் வைத்தேன். வலையில் சிக்கிய குப்பையை எடுத்தேன். தெருவில் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொண்டேன்.' மூன்று வினைச்சொற்களையும் சுற்றிச் சிவப்பில் வட்டம். ஓரத்தில் ஒரே ஒரு குறிப்பு: 'நேரில் வரவும்.'

வாரியத்தின் நாலாவது மாடியில் சாதனை வெளிப்பாட்டு இயக்ககம் இருந்தது. முன்பு அந்த மாடி முழுக்க உதிரிபாகக் கிடங்கு. இப்போது கம்பளம் விரித்திருந்தார்கள். கம்பளத்தில் நடந்தால் காலடிச் சத்தம் கேட்கவில்லை. அது ராதிக்கு என்னவோ போல இருந்தது.

இயக்குநர் மேடம் இன்ஷிராஹ் அவனை உட்காரச் சொல்லவில்லை.

"தண்ணி நின்னுச்சா?"

"நிக்கல மேடம்."

"அப்போ என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல மேடம்."

"ஒண்ணும் நடக்காததுக்குச் சம்பளம் வாங்கிட்டு, இப்போ பேரிங் வேற கேக்குற." அவர் கோபப்படவில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரலில் பேசினார். "தம்பி, இந்த நாற்காலியில பதினாலு வருஷமா இருக்கேன். ஒரு பம்பை நான் தொட்டதில்ல. பம்பு எப்படி இருக்கும்னுகூடத் தெரியாது, பெருமையாவே சொல்றேன். ஆனா போன வருஷம் மட்டும் நாப்பத்தோரு பம்பை மேம்படுத்தியிருக்கேன். எப்படி? இங்க உட்கார்ந்தபடியே. 'பார்த்துக்கொண்டேன்'னா என்ன அர்த்தம்? மாடுகூடத்தான் பார்த்துக்கிட்டு நிக்குது."

"அந்தப் பேரிங் மேடம்... காசிம் வருது."

"காசிம் யாரு? எந்தப் பிரிவு?"

ராதி விளக்கப் பார்த்தான். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். "பயிற்சிக்கு வா. மூணு நாள். அப்புறம் பேசலாம்."

பயிற்சியை நடத்தியவர் டாக்டர் வஜ்தி என்கிற ஆலோசகர். எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. வினைச்சொற்கள் மூன்று வகை என்றார் அவர்: மேலே போவது, கீழே போவது, சும்மா நிற்பது. சும்மா நிற்பது நோய், கீழே போவது தொற்றுநோய். ஒவ்வொருவராக எழுந்து போன வருஷத்தை மேலே போகிற வினையில் சொல்ல வேண்டும்.

லாரி டிரைவர் ஒருவர், "ஓட்டினேன்," என்றார். "நகர்வை முன்னெடுத்தேன்," என்று திருத்தினார் டாக்டர். கேன்டீன்காரர், "அவரைக்கொட்டையை வேக வச்சேன்," என்றார். "அவரையை மாற்றியமைத்தேன்." எல்லோரும் கைதட்டினார்கள். கேன்டீன்காரர் கண்கலங்கிவிட்டார், முப்பது வருஷமாகத் தான் அவரையை மாற்றியமைத்துக்கொண்டிருந்தது அவருக்கே தெரியாமல் போயிருக்கிறது.

அப்புறம் பிஷாரா எழுந்தார். சாக்கடைக் குழியில் முழுகி அடைப்பு எடுக்கிற ஆள். அகலமான தோள்கள், ஒரு காது கேட்காது.

"இறங்கினேன்," என்றார்.

"அது கீழே போகிற வினை."

"சாக்கடை கீழதானே டாக்டர் பாஷா இருக்கு?"

அறை குபீரென்று சிரித்தது. டாக்டரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஏதோ குறித்துக்கொண்டார். சிரிப்பு அடங்கும்போது கதவருகே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். எப்போது வந்தார்கள் என்று தெரியவில்லை. அந்தக் கம்பளத்தில் யார் வந்தாலும் தெரியாது. "பிஷாரா அண்ணே, ஒரு நிமிஷம்," என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள்.

மதியச் சாப்பாட்டில் ராதிக்குப் பக்கத்து இடத்தில் பிஷாராவின் பருப்பு சூப் ஆடை படிந்து ஆறிக்கிடந்தது. சாயங்காலம் வருகைப் பட்டியலில் அவர் பேர் இல்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அடித்த கோடும் இல்லை. அவருக்கு மேலே இருந்த பேரும் கீழே இருந்த பேரும் ஒன்றையொன்று நெருக்கி உட்கார்ந்திருந்தன.

பயிற்சிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ராதி வினை வழங்கும் ஜன்னலுக்குப் போனபோது காசிமுக்கு ஏழு நாள் இருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் குமாஸ்தா துஸூகி பெரிய பச்சைப் புத்தகம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். பக்கம் பக்கமாக வினைகள். அனேகமாக எல்லாவற்றின் மேலும் சிவப்புக் கோடு.

"ஒரு வினை ஒரு ஆளுக்குத்தான்," என்றார் துஸூகி. "ரெண்டு பேர் ஒரே சாதனையைப் பண்ணினா, யார் பண்ணதுன்னு எப்படித் தெரியும்? 'நிறுவினேன்' தலைவருக்கு. 'உருவாக்கினேன்' தலைவரோட மாப்பிள்ளைக்கு. 'புரட்சி செய்தேன்' டாக்டர் வஜ்தி எடுத்துட்டாரு. 'துணை நின்றேன்' இருந்துச்சு, காலையில மேடத்தோட டிரைவர் வாங்கிட்டுப் போயிட்டான். நீ ரொம்ப லேட்டு தம்பி."

"ஏதாவது ஒண்ணு குடுங்கண்ணே. சின்னதா இருந்தாலும் பரவாயில்ல. எனக்குப் பேரிங் வேணும்."

துஸூகி கடைசிப் பக்கத்துக்குப் போனார். அங்கே ஒரே ஒரு வினை கோடு படாமல் இருந்தது. 'ஒழித்தேன்.'

"இது பெரிய வினையாச்சே," என்றான் ராதி. "இது ஏன் யாரும் எடுக்கல?"

துஸூகி குரலைத் தாழ்த்தினார். "போன வருஷம் கொசுப் பிரிவு ஆள் ஒருத்தர் எடுத்தாரு."

"அப்புறம்?"

"அப்புறம் கொசு வந்துச்சு."

"அவரு?"

துஸூகி முத்திரையை மையில் தட்டினார். "அவரு வரல. வேணுமா, வேணாமா? பின்னாடி ஆள் நிக்குது."

ராதிக்கு முனகுகிற பம்பு ஞாபகம் வந்தது. நாதியா வீட்டு மூலையில் சுருட்டி வைத்த மெத்தையும் ஞாபகம் வந்தது. 'தெருவில் வெள்ளத்தை முற்றாக ஒழித்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். படிவம் முழுமை பெற்றது. பேரிங் விண்ணப்பத்தை வாங்கித் தட்டில் போட்ட துஸூகி, அவன் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, தன் டீயில் பாதியை அவனுக்கு ஊற்றிக் கொடுத்தார். அதுவும் ராதிக்கு என்னவோ போல இருந்தது.

செய்தி எப்படியோ சோஹாக் வரைக்கும் போய்விட்டது. அம்மா போனில் அழுதாள். "தெருவே சர்பத் குடுத்துக் கொண்டாடுதுப்பா. வெள்ளத்தை ஒழிச்சுட்டியாமே? உன் பெரியப்பா கேக்குறாரு, இங்க தேள் தொல்லை ஜாஸ்தியா இருக்கு, லீவுல வர்றப்போ அதையும் ஒழிச்சுட்டுப் போவியான்னு."

"அம்மா, அது சும்மா எழுதினதும்மா."

"எழுதிருக்கில்ல? அப்புறம் என்ன சும்மா?"

காசிமுக்கு நாலு நாள் இருக்கும்போது கிடங்கு லாரி வந்தது. ராதி ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். நாலு பேர் சங்கிலிக் கப்பியோடு இறங்கினார்கள். கையில் பேரிங் இல்லை. நேராகப் போய் ஒன்றாம் நம்பர் பம்பின் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார்கள். நல்ல பம்பு அது.

"ஏய், என்ன பண்றீங்க?"

"வெள்ளம் ஒழிஞ்ச இடத்துல பம்பு எதுக்கு?" மேஸ்திரி தாளைக் காட்டினான். கீழே ராதியின் கையெழுத்து. "இயக்ககத்து வாசல்ல நீரூற்று வைக்கிறாங்க. நாலாந்தேதி உனக்கு விருது குடுக்குற விழா இருக்கில்ல, அதுக்குப் பம்பு வேணும். ரெண்டையும் எடுத்திருப்போம், ஒண்ணை நினைவுச் சின்னமா விட்டுடச் சொல்லிட்டாங்க."

"பேரிங்?"

"நினைவுச் சின்னத்துக்குப் பேரிங் எதுக்குப்பா?"

போகிற போக்கில் அவசர டெலிபோனையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஷவ்கி வந்து பார்த்தான். பம்பு இருந்த இடத்தில் நாலு போல்ட்டுத் துளையும் எண்ணெய்க் கறையும். அன்றைக்கு அவன் ஸயீதி ஜோக் எதுவும் சொல்லவில்லை.

ராதி மறுபடி நாலாவது மாடிக்கு ஓடினான். "மேடம், நான் எழுதினதைத் திரும்ப எடுத்துக்கறேன். நான் ஒழிக்கல. கிரீஸ்தான் வச்சேன்."

மேடம் இன்ஷிராஹ் உண்மையிலேயே கவலையோடு பார்த்தார். "சாதனையைத் திரும்ப எடுத்துக்க விதி இல்ல தம்பி. சாதனை பின்வாங்கினா அதுக்கு வேற பேர். அதை நாங்க பாக்குறதில்ல. போலீஸ் பாக்கும்." பிறகு புன்னகைத்தார். "தன்னடக்கம்னு நினைச்சுக்கறேன். விழாவுக்கு நல்ல சட்டை போட்டுட்டு வா."

டிசம்பர் நாலு, காலை பதினொரு மணி. வானம் ஈய நிறத்தில் இருந்தது. இயக்ககத்து வாசலில் நீரூற்று பீய்ச்சிக்கொண்டிருந்தது. மழை மேலேயிருந்து இறங்க, அது கீழேயிருந்து ஏறியது. ராதிக்கு அந்தச் சத்தம் தெரியும். ஒன்றாம் நம்பர். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணாடியும் மரமும் சேர்ந்த விருதுக் கேடயத்தை உள்ளே மேடையில் அவன் கையில் கொடுத்தபின் வாரியத் தலைவர் பேசினார். "மக்களே, நமக்கு முன்னால இருந்தவங்க என்ன பண்ணினாங்க? பழுது பார்த்தாங்க! அறுபது வருஷம் பழுது பார்த்தாங்க! பழுது பார்க்கிறதுன்னா என்ன? பழுது இருக்குன்னு ஒத்துக்கிறது! நாங்க வந்தோம். ஒத்துக்கிறதை நிறுத்தினோம். அன்னையிலேர்ந்து பழுது உண்டா? உண்டான்னு கேக்குறேன்!"

இல்லை, இல்லை என்று கூட்டம் முழங்கியது. ஜன்னல் கண்ணாடி காற்றில் அதிர்ந்தது. சத்தத்துக்கு நடுவே ராதி பின்கதவு வழியாக வெளியே வந்தான். கதவருகே நின்ற, பிஷாராவைக் கூட்டிப்போன அதே இருவரில் ஒருவன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டதை அவன் கவனித்தான். நிற்கவில்லை. மணி பதினொன்று நாற்பது.

டிராம் நின்றிருந்தது. ஓடியே வந்தான். பட்டப்பகலில் தெரு இருட்டியிருந்தது. சாக்கடை மூடிகள் சோற்றுப் பானை மூடி போலத் துள்ள ஆரம்பித்திருந்தன. நிலையத்துக்குப் போகுமுன் ஒன்பது கதவுகளையும் தட்டினான்.

"நாதியாக்கா! புள்ளைங்களைத் தூக்கிட்டு மேல போங்க!"

"என்னடா ராதி, நீதான் வெள்ளத்தை ஒழிச்சுட்டியே. டிவியில காட்டினாங்களே."

"அக்கா, சத்தியமா சொல்றேன், ஒழிக்கல. போங்க! மெயின் சுவிட்சை அணைச்சுட்டுப் போங்க!"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளை இடுப்பிலும் கையிலுமாகப் பிடித்துக்கொண்டு படியேறினாள். தையல் மிஷினைக் கூடவே தூக்கிப்போக முடியவில்லை. கிளம்புமுன் மேஜை மேலே ஏற்றி வைத்திருந்தாள்.

நிலையத்தில் ஷவ்கி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். இரண்டாம் நம்பர் இப்போது முனகவில்லை; அலறியது. அடித்தளம் ஆடிக்கொண்டிருந்தது. "முட்டுக் குடுக்க ஏதாவது வேணும்!" என்று கத்தினான் ஷவ்கி. ராதி கையிலிருந்த கேடயத்தைப் பார்த்தான். நல்ல கனமான மரம். மோட்டாருக்கு அடியில் சொருகி, சுத்தியலால் அடித்து இறுக்கினான். கண்ணாடி நொறுங்கியது. மரம் பிடித்துக்கொண்டது.

"இப்பத்தான்டா ஒரு அவார்டு வேலை செஞ்சு பாக்குறேன்," என்றான் ஷவ்கி.

பம்பு இன்னும் கொஞ்ச நேரம் ஓடியது. பன்னிரண்டு நாற்பதுக்குப் பேரிங் உடைந்தது. ஒன்பது வீடுகளிலும் தண்ணீர் கூரை வரைக்கும் ஏறியது. உள்ளே ஒருவரும் இல்லை.

விசாரணைக் குழு மிக நிதானமாக வேலை செய்தது. வெள்ளம் ஒழிக்கப்பட்டது என்பது முத்திரையிட்ட உண்மை. தெருவில் தண்ணீர் நின்றது என்பதற்குப் புகைப்படங்கள் இருந்தன. இரண்டும் உண்மையென்றால், ஒழிந்த வெள்ளத்தை யாரோ திரும்ப எடுத்து வந்திருக்க வேண்டும். குழு அறிக்கையின் ஏழாம் பத்தி சொன்னது: 'மேற்படி ஆபரேட்டர் விழாவிலிருந்து 11.40க்கு அனுமதியின்றி வெளியேறி, வெள்ளம் வரும் என்று ஒன்பது வீடுகளில் முன்கூட்டியே அறிவித்துள்ளார். தண்ணீர் 12.40க்குத்தான் வந்துள்ளது. ஒரு மணி நேரம் முன்பே இது அவருக்கு எப்படித் தெரிந்தது?'

மறுபடி அதே ஜன்னல். துஸூகி புதுப் படிவம் ஒன்றை நீட்டினார். வினை ஏற்கெனவே அச்சிட்டிருந்தது: 'வெள்ளத்தைக் கொண்டுவந்தேன்.'

"நான் கொண்டுவரலண்ணே."

"தெரியும்."

"இருக்கிறது ஒரு பம்பு. பேரிங் உடைஞ்சு கிடக்கு. அடுத்த புயல் சின்னப் பெருக்கு, பத்தொன்பதாந்தேதி வருது. ஜனங்க இப்பத்தான் சேறு வாரிட்டு உள்ள போயிருக்காங்க. நாதியாக்கா மிஷினை வெயில்ல பிரிச்சுப் போட்டிருக்கு."

"தெரியும் தம்பி." துஸூகி அவனைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னார். "உன் பழைய படிவம் ரத்தாயிடுச்சு. இதுல கையெழுத்துப் போட்டா உன் நிலையத்தோட படிவம் முழுசாயிடும். வெள்ளம் ஒழியாத இடம்னும் ஆயிடும். ஒழியாத இடத்துக்குப் பேரிங் போகும். விதி அப்படித்தான் இருக்கு. நான் படிச்சுப் பாத்துட்டேன்."

"கையெழுத்துப் போட்டா எனக்கு?"

துஸூகி முத்திரையை மையில் தட்டினார். ரொம்ப நேரம் தட்டிக்கொண்டே இருந்தார்.

ராதி பேனாவை வாங்கினான். "பேரிங் நம்பர் சரியா எழுதிக்கங்க அண்ணே," என்றான். "போன தடவையே தப்பா எழுதியிருந்தாங்க." நம்பரை அவனே எழுதிக் காட்டினான். அப்புறம் கையெழுத்துப் போட்டான்.

பத்தொன்பதாந்தேதி மத்தியானம் அவனை ஏற்றிக்கொண்டு கார் கிளம்பியது. கறுப்புக் கண்ணாடி, இரண்டு பக்கமும் இரண்டு பேர். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், ஒருவன் பெப்பர்மின்ட்கூடக் கொடுத்தான். மழை சாட்டையாக அடித்துக்கொண்டிருந்தது. டிராம் பாதைக்குக் கீழே தெரு திரும்பும் இடத்தில் போக்குவரத்து அடைத்துக்கொண்டு கார் நின்றது.

ராதி மூச்சைப் பிடித்துக்கொண்டு உற்றுக் கேட்டான். மழைச் சத்தம். ஹாரன். அதற்கு அடியில், தகரக் கூரைப் பக்கத்திலிருந்து, சீரான ஒரு ரீங்காரம். முனகல் இல்லை. அலறல் இல்லை. தரைமட்டத்து ஜன்னல் ஒன்றில் விளக்கு எரிந்தது. யாரோ தையல் மிஷின் முன்னால் குனிந்திருந்தார்கள்.

"என்னப்பா அப்படிப் பாக்குற?" என்றான் பக்கத்தில் இருந்தவன். "அங்க என்ன நடக்குது?"

"ஒண்ணும் நடக்கல," என்றான் ராதி.

பக்கத்தில் இருந்தவன் அதையும் எழுதிக்கொண்டான். கார் நகர்ந்தது.